ராவெலின் இசையை வரைந்த விஞ்ஞானி: ஆன் ஆடம்ஸ் நோய்க்கதை குறித்த ஆய்வு

நோயாளியின் பெயரை மறைத்து இரண்டெழுத்துச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வது மருத்துவ இதழ்களின் வழக்கம். 'பிரெய்ன்' என்ற நரம்பியல் இதழில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நிகழ்வுக் கட்டுரையில் அந்த மறைப்பு இல்லை. நோயாளி வரைந்த ஓவியங்களே அங்கே சான்றுகள். அவற்றை அச்சிட்டுவிட்டு ஓவியரை ஒளித்துவைப்பதில் பொருளில்லை. கட்டுரையை எழுதியது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சீலி, புரூஸ் மில்லர் ஆகியோரின் குழு. நோயாளி, கனடா நாட்டு விஞ்ஞானி ஆன் ஆடம்ஸ்.

மூளை அழிந்துகொண்டிருந்தபோது கலை பிறந்தது என்று இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுவோர் உண்டு. அந்த ஒற்றை வரி கவர்ச்சியானது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தால் அதைவிடத் தொல்லை தரும் ஒரு கேள்வி மேலெழுகிறது. இந்த நோய் எப்போது தொடங்கியது? மருத்துவக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும் ஆண்டை நம்பலாமா? நம்பக்கூடாது என்றால், எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம்?

நோயாளியின் பின்னணி

1940இல் பிறந்த ஆன், அறிவியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, கற்பித்தும் வந்தவர். கணவர் கணிதப் பேராசிரியர். வான்கூவர் நகரை ஒட்டிய மேற்கு வான்கூவரில் குடும்பம் வசித்தது. 1986இல் அவர்களுடைய மகன் ஒரு கார் விபத்தில் சிக்கினார். பிழைக்க மாட்டார் என்றே அஞ்சப்பட்டது. மகனைக் கவனித்துக்கொள்வதற்காக ஆன் வேலையை விட்டார். சில வாரங்களிலேயே மகன் எல்லோரும் வியக்கும்படி தேறி எழுந்துவிட்டார். தாயார் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஓவியம் வரையப் போவதாகச் சொல்லிவிட்டார்.

இளம் வயதில் கொஞ்சம் வரைந்து பார்த்த பழக்கம் அவருக்கு இருந்தது. இப்போது வந்ததோ வேறு வேகம். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, அலுவலகம் போவதைப்போல நாள்தோறும் ஓவியக்கூடத்தில் இருந்தார் என்று கணவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் வரைந்தவை அக்கம்பக்கத்து வீடுகளின் தோற்றங்கள். அவற்றைப் பார்க்கும் எவருக்கும் நோய் என்ற எண்ணமே தோன்றாது. வேலையை விட்ட நடுவயதுப் பெண்மணி ஒருவர் தமக்குப் பிடித்த கலையில் முனைப்பாக இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

1990களில் ஓவியங்களின் போக்கு மாறியது. முதுகெலும்பற்ற உயிரினங்களை எழுத்துக்கு ஒன்றாகக் கோத்த ஓர் அகரவரிசைப் புத்தகம் வந்தது. பை எண்ணின் இலக்கங்களை நிறங்களாக மாற்றிக் கட்டம் கட்டமாக அடுக்கிய ஓவியம் 1998இல் முடிந்தது. ஒழுங்கு, அடுக்கு, மீண்டும் மீண்டும் வருதல் ஆகிய மூன்றும் அவரைப் பிடித்துக்கொண்டன. கண்ணால் பார்த்ததை வரைந்துகொண்டிருந்தவர், கண்ணுக்குத் தெரியாததற்கு உருவம் கொடுக்கும் வேலையில் இறங்கியிருந்தார்.

340 உருவங்கள்

இந்த நிகழ்வின் நடுநாயகமான ஓவியம் 1994இல் வரையப்பட்டது. அப்போது ஆனுக்கு 53 வயது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1928இல் படைத்த 'பொலேரோ' என்ற இசைக்கோவையை அவர் அப்படியே வண்ணத்துக்கு மாற்றினார்.

இசையைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சிறு மேளம் ஒன்று ஒரே தாளச் சொற்கட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இரண்டு மெட்டுகள் மாறிமாறி வரும். மெட்டுகள் வளர்வதில்லை, கிளைவிடுவதில்லை. புதிதாக ஒரு வாத்தியம் வந்து சேரும், ஒலி சற்று உயரும், மறுபடியும் அதே மெட்டு. மொத்தம் 340 தாளக்கட்டங்கள். 326ஆவது கட்டத்தில் மட்டும் சுருதி சட்டென்று இடம்பெயர்கிறது. அடுத்த சில நொடிகளில் எல்லாம் சரிந்து முடிகிறது.

ஆன் ஒவ்வொரு தாளக்கட்டத்துக்கும் நிமிர்ந்து நிற்கும் செவ்வக உருவம் ஒன்றை வரைந்தார். உருவத்தின் உயரம் ஒலியின் வலிமை, வடிவம் சுரத்தின் தன்மை, நிறம் சுரத்தின் உயரம். வரிசை வரிசையாக ஒரே குடும்ப நிறங்களில் உருவங்கள் வளைந்து வளைந்து செல்கின்றன. 326ஆவது கட்டம் வரும்போது ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் பீறிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பழகிய ஒருவர் தரவுகளை வரைபடமாக்குவது போன்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. எனக்கு இந்த ஓவியத்தில் முதலில் தெரிவது ஒரு விஞ்ஞானிதான். நோயாளி பிறகுதான் தெரிகிறார்.

ராவெலுக்கும் வாழ்வின் இறுதியில் பேச்சும் எழுத்தும் சிதைந்தன. அந்த இசைக்கோவையை எழுதியபோது அவருக்கும் 53 வயது. ஓவியம் வரைந்த நாளில் ஆனுக்கு ராவெலின் நோயைப் பற்றித் தெரியாது. தமக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியாது.

பேச்சு போன விதம்

2000ஆம் ஆண்டளவில், 60ஆவது வயதில், பேசுவதில் தடுமாற்றம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பேச்சு வற்றி, ஏறக்குறைய ஊமையானார். ஆனால் தூரிகை நிற்கவில்லை. இந்தக் கட்டத்து ஓவியங்கள் முந்தியவற்றுக்கு நேர்மாறானவை. இசையையும் எண்ணையும் உருவமாக்கும் துணிச்சல் மறைந்து, கட்டடங்களும் இலைகளும் புகைப்படத்தை ஒத்த துல்லியத்துடன் வரத் தொடங்கின. 2004 வரை வரைந்தார். அதன்பிறகு தூரிகையைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. 2007இல் காலமானார்.

நோய்க்குக் கொடுக்கப்பட்ட பெயர் பிரைமரி ப்ரொக்ரெசிவ் அஃபேசியா. பக்கவாதத்தில் பேச்சு ஒரே நாளில் போய்விடும். பிறகு கொஞ்சம் திரும்பவும் வரும். இங்கே பேச்சு மட்டும் தனியாக, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கிறது. நினைவாற்றல், இடம் அறிதல், நடத்தை ஆகியவை தொடக்க ஆண்டுகளில் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. அமெரிக்க நரம்பியலாளர் மார்செல் மெசுலம் 1982இல் ஆறு நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக விவரித்தார். மறதி இல்லாமலும் மூளைத் தேய்வு நோய் தொடங்கலாம் என்பது அன்று பலருக்குப் புதிய செய்தி.

உண்மையில் செய்தி அதைவிடப் பழையது. பிராகா நகரில் அர்னால்டு பிக் 1892இல் விவரித்த நோயாளிக்கும் மொழிதான் சிதைந்திருந்தது. மூளையின் இடது பொட்டு மடல் (நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் உள்ள பகுதி) சுருங்கியிருந்தது. பிக்கின் பெயரால் நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த நோயே இன்று ஃப்ரன்டோடெம்பொரல் டிமென்ஷியா என்ற பெரிய குடும்பமாக விரிந்திருக்கிறது. நெற்றிமடலும் பொட்டு மடலும் தேய்வது குடும்பத்தின் பொது அடையாளம். எந்த மூலை முதலில் தேய்கிறது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறும். நெற்றிமடலின் வலது பக்கமும் உட்புறமும் முதலில் பழுதானால் மனிதரின் குணம் மாறுகிறது. கூச்சமற்ற பேச்சு, பிறர் துன்பத்தில் அக்கறையின்மை, இனிப்பின் மீது திடீர் வெறி, எதிலும் முனைப்பில்லாமை ஆகியவை தலைகாட்டும். இடது பொட்டு மடலின் முன்முனை தேய்ந்தால் சொற்களின் பொருள் அழிகிறது. பேச்சு சரளமாகவே இருக்கும். ஆனால் 'முதலை என்றால் என்ன' என்று திருப்பிக் கேட்பார். இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதியும் அதையொட்டி உள்ளே புதைந்திருக்கும் இன்சுலாவும் தேய்ந்தால் பொருள் தெரியும், வாய் ஒத்துழைக்காது. வாக்கியம் உடையும், வேற்றுமை உருபுகள் உதிரும், ஒவ்வொரு சொல்லுக்கும் உழைக்க வேண்டியிருக்கும். ஆன் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்.

நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தலைகாட்டுவதால், குடும்பத்தார் இதை மூளை நோயாக நினைப்பதே இல்லை. மனச்சோர்வு, குடும்பச் சண்டை, மாதவிடாய் நின்ற காலத்துத் தொல்லை, 'வயசானா இப்படித்தான்' என்று ஏதாவது ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. நினைவாற்றல் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவதால் மருத்துவரும் சில சமயம் அனுப்பிவிடுகிறார். மொழி தேயும் இன்னொரு வகையில், சொல் கிடைக்காமல் நின்று நின்று பேசுவோருக்கு, அடியில் இருப்பது பெரும்பாலும் அல்சைமர் நோயாக இருக்கும். எனவே 'பேச்சு குறைகிறது' என்பது நோயின் பெயர் ஆகாது. எந்தவிதமாகக் குறைகிறது என்று உட்கார்ந்து கேட்ட பிறகுதான் பெயர் வரும். இந்த மூன்று மொழி வகைகளையும் பிரித்தறியும் அளவுகோல்கள் 2011இல்தான் உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஆனின் நோய் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

படங்கள் காட்டியது

எம்.ஆர்.ஐ. படங்களில் எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதி, இன்சுலா, பொட்டு மடல், ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் ஆகியவை கடுமையாகத் தேய்ந்திருந்தன. எதிர்பாராதது மூளையின் மறுகோடியில் இருந்தது. வலது பக்கத்தின் பின்பகுதிப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்), பார்வை, ஒலி, தொடுகை ஆகிய புலன்கள் ஒன்றோடொன்று கலக்கும் இடங்களில், நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் நிறப் பகுதியின் அளவு ஒத்த வயதினரைவிடக் கூடுதலாக இருந்தது. இரத்த ஓட்டமும் அங்கே மிகுந்திருந்தது. அழிவு நோய் உள்ள ஒரு மூளையில் ஒரு பகுதி பெருத்திருப்பது யாரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

கட்டுரையாசிரியர்கள் முன்வைத்த விளக்கம் இது. இடது நெற்றிமடல் இயல்பான நிலையில் மூளையின் பின்பகுதியை அடக்கியே வைத்திருக்கிறது. எப்போதும் உரக்கப் பேசும் பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாதபோது அதுவரை வாய் திறக்காதவர் பேசத் தொடங்குவதைப்போல, அடக்கும் பகுதி தளர்ந்ததும் பின்பகுதி சுதந்திரம் பெறுகிறது. மில்லர் ஏற்கெனவே 1990களில், ஃப்ரன்டோடெம்பொரல் டிமென்ஷியா வந்த பிறகு புதிதாக ஓவியத் திறன் வெளிப்பட்ட சில நோயாளிகளை விவரித்திருந்தார். ஆனின் கதை அந்தக் கருத்துக்கு உடற்கூறு சார்ந்த ஓர் ஆதாரம்போல அமைந்தது.

அந்த விளக்கத்தை நான் நிராகரிக்கவில்லை. ஆனால் அதே படங்களுக்கு வேறு விளக்கங்களும் இருக்கின்றன. அவற்றைக் கடந்துபோவது எளிதல்ல. முதலாவது பயிற்சி. பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்றவர்களின் மூளையில் அசைவைப் பார்க்கும் பகுதி தற்காலிகமாகப் பெருத்ததை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில், வழியை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பது 2000ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக நாளுக்கு எட்டு மணி நேரம் நிறத்தோடும் வடிவத்தோடும் உழைத்த ஒருவருக்கு வலது பின்மூளை பெருத்திருந்தால், அது உழைப்பின் கூலியாகவும் இருக்கலாம். இரண்டாவது, பிறப்பு. சிலருக்கு அந்தப் பகுதி இயல்பாகவே செழிப்பாக இருந்திருக்கலாம். நோய் அதை உண்டாக்கியிருக்க வேண்டியதில்லை. வாழ்வின் பிற்பகுதியில் எடுத்த படங்களை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க வழியில்லை. ஒற்றை நோயாளியின் கதை கேள்வியைக் கூர்மைப்படுத்தும்; தீர்ப்பு சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர் ஆவதில்லை. நெற்றிமடல் தேய்ந்தால் பொதுவாகத் திட்டமிடலும் முனைப்பும் புதிதாக யோசிக்கும் திறனும் சேர்ந்தே போகின்றன. கலை வெளிப்பட்டவர்கள்தான் கட்டுரைகளில் இடம்பெறுகிறார்கள். நாள் முழுவதும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 'நோய் தந்த வரம்' என்று பேசுவோர் அந்த வீடுகளுக்குப் போய்வந்தால் நல்லது.

ராவெல் எவ்வளவு தூரம் துணை வருவார்?

1927 வாக்கிலேயே ராவெலின் மறதியும் கவனச் சிதறலும் நண்பர்களுக்குக் கவலை தந்தன. 1932 அக்டோபரில் அவர் சென்ற டாக்சி விபத்துக்குள்ளானது. அதன்பிறகு சரிவு வேகமெடுத்தது. கையெழுத்துப் போடுவதே போராட்டமானது. அவரைப் பரிசோதித்த நரம்பியலாளர் தியோஃபில் அலஜுவானின், 1948இல் அதே 'பிரெய்ன்' இதழில் எழுதிய குறிப்பு இன்றும் படிக்கத் தக்கது. பேச்சும் எழுத்தும் மிதமாகச் சிதைந்திருந்தன, கைப்பழக்கம் குலைந்திருந்தது. ஆனால் நினைவும் ரசனையும் தீர்ப்புத்திறனும் அப்படியே இருந்தன. தம்முடைய இசையை யாராவது தவறாக வாசித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்; சுரங்களை எழுதவோ பியானோவில் வாசிக்கவோ அவரால் முடியாது. எழுத நினைத்த இசை தலைக்குள் கேட்கிறது, ஆனால் எழுதவே போவதில்லை என்று நண்பர்களிடம் வருந்தினார். 1937 டிசம்பரில் அறுவை மருத்துவர் கிளோவி வின்சென்ட் மண்டையைத் திறந்து பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. 28ஆம் தேதி ராவெல் இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஆகவே அவருடைய நோயின் பெயர் என்றென்றைக்கும் ஊகம்தான்.

'பொலேரோ' இசைக்கோவையே நோயின் முதல் அறிகுறி, ஒரே மெட்டை விடாமல் திரும்பச் சொல்வது நெற்றிமடல் பழுதின் அடையாளம் என்று சிலர் வாதிடுகிறார்கள். 53 வயது என்ற ஒற்றுமை அந்த வாதத்துக்கு மாந்திரீகக் கவர்ச்சி தருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நடனக் கலைஞர் ஈடா ரூபின்ஸ்டைன் கேட்டுக்கொண்டதால் பாலேவுக்காக எழுதப்பட்ட இசை அது. மெட்டை வளர்க்காமல் திரும்பத் திரும்பச் சொல்லி, வாத்தியங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போகப்போவதாக எழுதுவதற்கு முன்பே நண்பரிடம் ராவெல் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே அறிவித்துச் செய்த சோதனையை அறிகுறி என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மேலும், அதற்குப் பிறகு 1929 முதல் 1931 வரை அவர் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) எழுதினார். ஒன்று, முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இடது கைக்கு மட்டும் எழுதியது. இரண்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லும் வெறி இல்லை. துள்ளலும் திருப்பமும் நிறைந்தவை.

இதே அளவுகோலை ஆனுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். 1986இல் வேலையை விட்டது நோயா? அப்படிச் சொன்னால், மகனுக்காக வேலையை விட்ட எத்தனையோ தாய்மார்களின் மூளையையும் ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். 1994 ஓவியத்தில் நோய் கலந்திருக்கிறதா? கலந்திருக்கலாம். மூளைத் தேய்வு நோய்களில் புரதப் படிவும் நரம்பணு இழப்பும் அறிகுறிக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகின்றன என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. மரபணு மாற்றத்தால் இந்நோய் வரவிருக்கும் குடும்பங்களில், இன்னும் நலமாக இருப்பவர்களின் மூளையிலேயே தேய்வு காணக் கிடைக்கிறது. எனவே பேச்சு தடுமாறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு மூளை முழு நலத்தோடு இருந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் படித்தால் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பமும் அறிகுறியாகத் தோன்றும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1998க்கும் 2004க்கும் இடையே ஓவியத்தின் மொழியே மாறியது. அந்த மாற்றத்தை நோயோடு சேர்க்க எனக்குத் தயக்கமில்லை. அதற்கு முந்தியவற்றில் ஆன் என்ற மனிதருக்கும் நோய்க்கும் நடுவே கோடு கிழிக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

இன்றைய மருத்துவமனைக்கு இதில் என்ன இருக்கிறது

ஆன் நோயுற்றிருந்த ஆண்டுகளில்தான் இந்நோயின் உயிர்வேதியியல் தெளிவாகத் தொடங்கியது. நரம்பணுக்களில் படியும் டௌ என்ற புரதத்தின் மரபணு மாற்றங்கள் 1998இல் கண்டறியப்பட்டன. அவ்வாறே படியும் டி.டி.பி.-43 என்ற இன்னொரு புரதத்தின் பங்கும் ப்ரோக்ரானுலின் என்ற மரபணுவின் பங்கும் 2006இல் வெளிச்சத்துக்கு வந்தன. 2011இல் ஒன்பதாவது குரோமோசோமில் கண்டறியப்பட்ட இன்னொரு மாற்றம், இந்நோயையும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயையும் ஒரே வேரில் இணைத்தது. குடும்பத்தில் ஒருவருக்குக் குணமாற்றமும் இன்னொருவருக்குக் கைகால் தளர்ச்சியும் வந்திருந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக்கூடாது. நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அல்சைமர் நோய்க்குத் தரும் டோனெப்பெசில் போன்ற மாத்திரைகள் இங்கே உதவுவதில்லை, சிலருக்கு நடத்தைத் தொல்லையைக் கூட்டவும் செய்கின்றன. சரியான பெயர் தெரிய வேண்டியதன் அவசரம் இதனால்தான்.

குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்விகளையும் இந்த நிகழ்வு கொஞ்சம் மாற்றுகிறது. 'எதை மறக்கிறார்?' என்பதோடு, 'கடந்த பத்தாண்டுகளில் புதிதாக எதைப் பிடித்துக்கொண்டார்?' என்றும் கேட்கலாம். திடீர்ப் பக்தி, திடீர்ச் சேகரிப்பு, ஒரே பாட்டை நாள் முழுவதும் கேட்பது, கோலத்தில் புதிய பிடிவாதம் என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அது நோயாக இருக்காது. பேச்சும் சேர்ந்து குறைந்துகொண்டிருந்தால் கோப்பில் குறித்துவைக்க வேண்டிய செய்தி.

பேச்சு தேயும் வகையில், மொழி எஞ்சியிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. பேச்சுப் பயிற்சியாளரின் உதவியோடு படங்களும் சொற்களும் கொண்ட தொடர்புப் புத்தகம் ஒன்றை, நோயாளியே தேர்ந்தெடுத்த சொற்களைக் கொண்டு தயாரிக்க வேண்டும். வங்கி, சொத்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை அவர் வாயால் கேட்டு எழுதிவைக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் தொடங்குகிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும். தூரிகையோ ஊசிநூலோ தோட்டமோ, கை தானாகத் தேடிப்போகும் வேலை எதுவாக இருந்தாலும், பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய அதை எடுத்துவைத்துவிடக் கூடாது. ஆன் ஆடம்ஸின் வீட்டில் அப்படி யாரும் எடுத்துவைக்கவில்லை. அதனால்தான் மருத்துவர்களுக்குக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆண்டுவாரியாக ஓர் ஓவிய வரிசை கிடைத்தது.